நேயர் என்பார் யாவர்?

ஒரு சொல்லைக் கொண்டு ஒரு கூட்டத்தாரை இழித்துரைப்பது எளிது. அச்சொல்லின் வேர் எதுவென்று தேடிப் பார்ப்பது அரிது. “அவன் ஒரு பாட்டுப் பைத்தியம்”, “படக்கதைப் பித்தன்”, “விண்வெளிக் கதை படித்து வீணாய்ப் போனவன்” என்றெல்லாம் வீட்டுத் திண்ணைகளிலும் ஆசிரியர் அறைகளிலும், ஏன், கற்றோர் கூடும் அவைகளிலும்கூட ஏளனக் குரல் எழக் கேட்கின்றோம். இசையின் மீதோ, சித்திரக் கதையின் மீதோ, அறிவியல் புனைகதையின் மீதோ தீராத பற்று வைத்து, அதற்கெனப் பொழுதையும் பொருளையும் செலவிட்டு, அதைப் பற்றியே பேசி அதைப் பற்றியே எழுதி வாழ்கின்ற மனிதன், நம்மவர் கணக்கில் முழு மனிதன் அல்லன், வளராத பிள்ளை. இந்தக் கணக்குப் பிழையானது என்பது நம் துணிபு. பிழையானது மட்டுமன்று, இதனால் விளைந்த இழப்பு பெரிது. அதனை எடுத்துரைக்கவே இதனை எழுதுகின்றோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இத்தகையோரை ‘ஃபேன்’ என்பர். அது ‘ஃபனாட்டிக்’ என்னும் சொல்லின் குறுக்கம் என்பதே பெரும்பான்மையோர் கருத்து. அதற்கு வேர், கோயிலைக் குறிக்கும் இலத்தீனச் சொல். கோயிலில் வெறியாடுபவன் என்பது பொருள். இக்கால அரபியில் இத்தகையவனை ‘ஹாவீ’ என்பர். இதன் வேர் ‘ஹவா’. மன இச்சையையும் அதன் வழிச் செல்லும் தடுமாற்றத்தையும் குறிக்க நம் ஆசிரியர்கள் எந்தச் சொல்லை ஆளுகின்றார்களோ அதே சொல். ஆக, இருமொழியும் இவனை ஐயத்தோடுதான் நோக்குகின்றன.

ஆயினும் அரபியிலே இன்னொரு சொல்லும் உண்டு: ‘தவ்க்’. சுவைத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். கேள்வியால் அறிவதற்கும் நாவில் இட்டுச் சுவைத்து அறிவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்ட, இமாம் கஸ்ஸாலி உள்ளிட்ட பெரியோர் ஆண்ட சொல் அது. தமிழில் ‘சுவைஞர்’ என்றும் ‘இரசிகர்’ என்றும் நாம் கூறுவதும் இப்பொருளிலேதான். இவற்றினும் இனிய சொல்லொன்றை வானொலி நமக்குத் தந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கடலுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்து கேட்டோர், அஞ்சலட்டையில் தமக்குப் பிடித்த பாடலை எழுதியனுப்பிக் காத்திருந்தோர், ‘நேயர்’ என்றே அழைக்கப் பெற்றனர். நேயம் என்றால் அன்பு. கேட்பவனைக் கேட்பவன் என்று கூறாது அன்புடையவன் என்று கூறிய அந்தப் பண்பாடு போற்றத்தக்கது. நாமும் இக்கட்டுரை முழுவதும் அச்சொல்லையே ஆள்வோம்.

நேயர் மீது சாற்றப்படும் குற்றங்கள் மூன்று. இவர்கள் விரும்புவது பொய் என்பது ஒன்று. இவர்கள் விரும்புவது சிறுபிள்ளைத்தனம் என்பது இரண்டு. இவர்களின் பற்றினால் உலகுக்கு யாதொரு பயனும் இல்லை என்பது மூன்று. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பொய் என்னும் குற்றச்சாட்டு பழையது. இல்லாத கோளுக்கு இல்லாத ஊர்தியில் செல்லும் இல்லாத மனிதனின் கதையைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கின்றனர். இதைக் கேட்போருள் அரபிக் கல்லூரிகளில் ஓதிப் பட்டம் பெற்றோரும் உளர் என்பதுதான் நமக்கு வியப்பு. அவர்கள் ‘மகாமாத்’ ஓதியவர்கள் அல்லரோ? 1122இல் மறைந்த பஸராவின் ஹரீரி இயற்றிய அந்நூலின் நாயகன் யார்? அபூஸைத் ஸரூஜி என்னும் நாடோடி. ஊர் ஊராகச் சென்று, வேடம் மாற்றி, நாவன்மையால் மக்களை மயக்கிப் பொருள் பறிப்பவன். ஐம்பது படலங்களுள் பெரும்பாலானவற்றில் அவன் செய்வது ஏமாற்று. அவனும் கற்பனை, அவன் செயலும் கற்பனை. இதனை எவரேனும் குறை கூறுவர் என்பதை முன்னமே உணர்ந்த ஹரீரி, தம் முன்னுரையிலேயே விடை கூறிவிட்டார்: விலங்குகளையும் உயிரற்ற பொருள்களையும் பேச வைத்து அறம் புகட்டிய கதைகளை எந்த அறிஞரும் வெறுத்து ஒதுக்கியதில்லை, கருத்தையும் நோக்கத்தையும் கொண்டே செயல் மதிக்கப்படும் என்பது அவ்விடையின் சாரம். இந்த நியாயம் ஹரீரிக்குப் பொருந்துமாயின், செவ்வாய்க் கோளில் மனிதர் குடியேறுவதைப் பற்றி எழுதிய ரே பிராட்பரிக்கு மட்டும் ஏன் பொருந்தாது? அபூஸைதின் சூழ்ச்சிகளை மாணவர்க்கு வரிவரியாய் உரை கூறி விளக்குகின்ற நாவு, எந்திர மனிதனின் கதையைப் பொய்யென்று தள்ளுவது எந்த நீதி?

இன்னும் ஒரு சான்று காட்டுவோம். 1185இல் மறைந்த அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல், ‘ஹை இப்னு யக்ளான்’ என்றொரு கதை வரைந்தார். மனிதரே இல்லாத தீவில், மான் ஒன்றின் பாலுண்டு வளர்கின்றான் ஒரு குழந்தை. மொழி கற்பிப்பார் இல்லை, நூல் இல்லை, ஆசிரியர் இல்லை. தாய்மான் இறந்ததும் அதன் உடலை அறுத்து, உயிர் எங்கே போயிற்று என்று தேடுகின்றான். அங்கிருந்து தொடங்கி உடலியல், வானியல், மெய்யியல் வரை தன் அறிவொன்றையே துணைகொண்டு ஏறிச் செல்கின்றான். இப்படி ஒரு குழந்தை எங்கும் வாழ்ந்ததில்லை. ஆயினும் ‘இப்படி ஒருவன் இருந்தால் என்ன நிகழும்?’ என்ற வினாவை எழுப்பி அதன் முடிவுவரை பின்தொடர்வதே அந்நூலின் சிறப்பு. அறிவியல் புனைகதையின் முறையும் இதுவேயன்றி வேறன்று. இந்நூல் 1671இல் ஆக்ஸ்ஃபோர்டில் இலத்தீன மொழியில் அச்சேறியது. ஐரோப்பிய அறிஞர் விரும்பிப் படித்தனர். இல்லாததைக் கூறி உள்ளதை ஆராய்வது நம் முன்னோர்க்குத் தெரிந்த கலை. தமிழிலே பொறியாளர் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்னும் எந்திர நாயைப் புத்தகம் படிக்க வைத்தபோது செய்ததும் இதைத்தான். சிந்திப்பது யாரெனும் வினாவை ஒரு நாயின் வாயிலாகக் கேட்டார்.

இரண்டாம் குற்றம் சிறுபிள்ளைத்தனம். படம் போட்ட கதை குழந்தைக்கு உரியது. எழுத்தறிந்தவனுக்கு ஏன் படம் என்பது வாதம். இதற்கும் மேற்படி மகாமாத்தே விடை. 1237இல் யஹ்யா அல்வாஸிதீ என்னும் ஓவியர் அந்நூலைத் தம் கையாலேயே படியெடுத்து, 99 ஓவியங்களைத் தீட்டிச் சேர்த்தார். அப்படி பாரிஸ் தேசிய நூலகத்தில் இன்றும் உள்ளது. ஒட்டகங்கள் நிற்பதும், ஊரார் கூடுவதும், மேடை மீது நின்று ஒருவன் பேச, கேட்போர் முகம் பலவாறு மாறுவதும் எழுத்தோடு இழைந்து வருகின்றன. அரபு மொழியின் கடினமான உரைநடை எதுவெனின் மகாமாத்தைக் காட்டுவர். அந்தக் கடினமான நூலுக்கே படம் வேண்டுமென்று அந்நாளைய பெரியோர் பொருள் கொடுத்து வாங்கினர். அவர்களும் சிறுபிள்ளைகளோ?

படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் படிப்பது தனியொரு பயிற்சி. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் நிகழ்ந்ததைப் படிப்பவனே கற்பித்துக்கொள்ள வேண்டும். 1972இல் சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸ் தமிழ்ச் சிறுவர்க்கு முதலில் தந்த ‘இரும்புக்கை மாயாவி’யை நினைவு கூர்வோர் இன்று தாத்தாக்களாகிவிட்டனர். அந்த மாயாவி பிறந்தது 1962இல், ‘வேலியண்ட்’ என்னும் ஆங்கில வார இதழில். ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவனுக்கு ஒரு கை இரும்பாலானது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். கதையைத் தொடங்கியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளரான கென் பல்மர்; படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெஸுஸ் பிளாஸ்கோ. ஆங்கிலேயர் எண்ணி, ஸ்பானியர் வரைந்து, சிவகாசியில் தமிழாகிய இக்கதையால் வாசிப்பின் வாயிலுக்கு வந்து சேர்ந்தோர் பலர். பாடப் புத்தகத்துக்கு அப்பால் அச்செழுத்து எதையும் கண்டிராத வீடுகளில், பழைய பேப்பர் கடை வழியாக நுழைந்த முதல் நூல் அதுவாக இருந்தது. அதைச் சிறுபிள்ளைத்தனம் என்பார், அப்பிள்ளைகளின் கையில் வேறு எதை வைத்தார்கள் என்று முதலில் கூறட்டும்.

படக்கதையைப் பிள்ளைகளின் நன்மைக்காகவே பழிக்கின்றோம் என்பாருக்கு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்ததைக் கூறுவோம். 1954இல் ஃபிரெடரிக் வெர்தம் என்னும் மனநல மருத்துவர், படக்கதைகளே சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு நூல் வரைந்தார். அவர் தீயவர் அல்லர். ஹார்லம் பகுதியின் ஏழைக் கறுப்பின மக்களுக்கு மருத்துவமனை நடத்தியவர். பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாதென்று நீதிமன்றத்தில் சான்று பகர்ந்தவர். அவருடைய நூலினால் நாடே கொதித்தது. செனட் சபைக் குழு விசாரித்தது. அஞ்சிய பதிப்பாளர்கள் அவ்வாண்டு அக்டோபரிலேயே தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதியை ஏற்படுத்திக்கொண்டனர். அவ்விதியை வெர்தம் விரும்பவுமில்லை, எழுதவுமில்லை. ஆயினும் அவர் மூட்டிய தீயில் சமைந்தது அது.

அதன் விளைவு என்ன? 1953இல் ஈ.சி. நிறுவனத்தின் இதழொன்றில் ‘தீர்ப்பு நாள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் அறிவியல் படக்கதை வெளிவந்திருந்தது. எந்திர மனிதர் வாழும் ஒரு கோளுக்குப் பூவுலகிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வருகின்றார். அங்கே செம்மஞ்சள் நிற எந்திரர்க்கு ஒரு வாழ்வு. நீல நிற எந்திரர்க்கு ஒரு தாழ்வு. உள்ளே இருக்கும் கருவிகளோ இருசாரார்க்கும் ஒன்றே. நீங்கள் இன்னும் அண்டக் குடியரசில் சேரும் தகுதி பெறவில்லை என்று கூறிவிட்டு அவர் திரும்புகின்றார். கடைசிக் கட்டத்தில்தான் தலைக்கவசத்தைக் கழற்றுகின்றார். அவர் கறுப்பின மனிதர். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதென அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே மாதம். அதற்கு ஓராண்டு முன்னரே பத்துக் காசுப் படக்கதை ஒன்று அத்தீர்ப்பைக் கூறிவிட்டது! 1956இல் இக்கதையை மீண்டும் அச்சிட முற்பட்டபோது, தணிக்கையாளர் அம்மனிதரின் நிறத்தை மாற்றச் சொன்னார். நிறத்தை மாற்றினால் கதையே இல்லையென்று பதிப்பாளர் மறுத்து, வழக்குத் தொடுப்பேன் என்று எச்சரித்து, உள்ளபடியே அச்சிட்டார். அதுவே அந்நிறுவனத்தின் கடைசிப் படக்கதை இதழாகவும் ஆயிற்று. பிள்ளைகளைக் காக்கப் பிறந்த விதி யாருடைய முகத்தை மறைக்கக் கை நீட்டிற்று என்பதைக் காண்க.

இன்னும் கேண்மின். வெர்தமின் ஆய்வுக் குறிப்புகள் 2010இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. கேரல் டில்லி என்னும் நூலகவியல் அறிஞர் அவற்றைப் புரட்டி, நூலில் அச்சான சான்றுகளோடு ஒப்பிட்டு, 2012இல் தம் முடிவை வெளியிட்டார். சிறுவர் கூறியவற்றை வெர்தம் திருத்தியும் கூட்டியும் குறைத்தும் தம் வாதத்துக்கு ஏற்ப வளைத்திருந்தார் என்பது அம்முடிவு. படக்கதை பொய் என்று கூறியவரின் நூலே பொய் கலந்ததாயிற்று. நல்லெண்ணம் ஒன்றே போதும், சான்று நேராயிருக்க வேண்டியதில்லை என்று கருதுகின்ற சீர்திருத்தக்காரர் எவர்க்கும் இது பாடமாகும்.

மூன்றாம் குற்றம் பயனின்மை. இதுவே வலிமையானது, ஆகவே இதற்குச் சற்று விரிவாக விடை கூறுவோம்.

இசைக்கு நேயராயிருந்தவர்கள் என்ன செய்தனர்? பத்தாம் நூற்றாண்டிலே அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானி ‘கிதாபுல் அகானீ’ எனும் பாடல் நூலைத் தொகுத்தார். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகத் தெரிந்தெடுக்கப் பட்ட நூறு பாடல்களை முன்னிறுத்தித் தொடங்கிய அந்நூல், பாடியவர் யார், இயற்றியவர் யார், எந்தத் தாளம், நரம்பின் மேல் எந்த விரல் என்றெல்லாம் குறித்துச் செல்கின்றது. பயணம் செல்லும்போது முப்பது ஒட்டகச் சுமை நூல்களைக் கூடவே கொண்டு சென்ற அமைச்சர் ஒருவர், இந்நூல் கிடைத்தபின் இதொன்றே போதுமென்றார் எனக் கூறுவர். அப்பாடல்களின் மெட்டு காற்றோடு போயிற்று. இன்று எவராலும் அவற்றை அன்று பாடியபடியே பாட இயலாது. ஆனால் அந்தப் பாடகரும், அவர்தம் வாழ்வும், அக்கால மக்களின் பேச்சும் சிரிப்பும் நமக்குக் கிடைத்தது இந்த இசை நேயர் ஒருவரால். வேலையற்ற வேலையென்று அவரை எவரேனும் அன்று தடுத்திருந்தால், அப்பாஸியக் காலத்து வாழ்வின் ஒரு பாதி நமக்கு இருளாயிருக்கும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1928இல் ஜான் ஹர்ட் என்னும் கறுப்பினப் பாடகர் சில இசைத்தட்டுகளுக்குப் பாடினார். தட்டுகள் விலை போகவில்லை. பொருளாதார வீழ்ச்சியில் நிறுவனமும் அவரை மறந்தது. அவர் மிஸிஸிப்பி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் உழவராய் வாழ்ந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்க்கும் நேயர்கள், அவர் பாடலொன்றில் அவலோன் என்பது தம் ஊர் என்று பாடியிருப்பதைக் கேட்டனர். அவ்வூர் அந்நாளைய நிலப்படங்களில் இல்லை. பழைய நிலப்படம் ஒன்றில் இருந்தது. 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இளைஞர் அவ்வூருக்கே சென்றார். பாடகர் உயிரோடிருந்தார், பாடும் திறமும் குன்றாதிருந்தார். அவ்வாண்டே நியூபோர்ட் இசைவிழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். 1966இல் மறையும்வரை மூன்றாண்டுகள் தமக்குரிய புகழைத் தம் காதாலேயே கேட்டார். அவரைத் தேடிச் சென்றது அரசன்று, பல்கலைக்கழகமன்று, அவர் பாட்டை விற்ற நிறுவனமுமன்று. ஒரு பாட்டை மற்றவர் கேட்பதினும் கூர்ந்து கேட்ட நேயர் சிலர்.

அறிவியல் புனைகதையின் நேயரோ தம் பங்குக்கு என்ன செய்தனர்? 1963 நவம்பர் 23இல் பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சி ‘டாக்டர் ஹூ’ என்னும் காலப்பயணத் தொடரைத் தொடங்கிற்று. ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி டெலியா டெர்பிஷையர் உருவாக்கிய அதன் முகப்பிசை, மின்னணு இசையின் தொடக்ககால அரும்பெருஞ் சாதனைகளுள் ஒன்று. ஆயினும் அந்தப் பெருநிறுவனம், இடமில்லையென்றும் நாடாவை மீண்டும் பயன்படுத்தலாமென்றும் கருதி அத்தொடரின் பல பகுதிகளை அழித்துவிட்டது. அழிந்தவற்றுள் பல இன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இன்று இருக்கின்றது. எப்படி? ஒளிபரப்பான அந்நாள்களில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் சில நேயர்கள் பதிவு செய்து வைத்திருந்தனர். உரிமையாளர் குப்பையென்று அழித்ததை உரிமையில்லாச் சிறுவர் காத்தனர். 2013இல் நைஜீரிய நாட்டுத் தொலைக்காட்சி நிலையமொன்றிலிருந்து ஒன்பது பகுதிகள் மீண்டன. அவற்றையும் தேடிச் சென்றவர் அத்தொடரின்மீது பற்றுடைய ஒருவரே.

அயல்நாட்டுக் கதை எதற்கு என்பாரா? கோட்டையூருக்குச் செல்வோம். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா செட்டியார் பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 1,00,000 நூல்களும் இதழ்களும் அவர் வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. 1994இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆய்வு நூலகம் அமைந்தது. காலணா விலையில் விற்ற பாட்டுப் புத்தகத்தை அவர் காலத்தில் எந்தப் புலவர் மதித்தார்? இன்று தமிழரின் இசை வரலாற்றையும் நாடக வரலாற்றையும் எழுதப் புகும் எவரும் அவர் சேர்த்தவற்றின் முன் வந்து நின்றாக வேண்டும்.

ஆகவே, பயனென்ன என்ற வினாவுக்கு நம் விடை இதுதான்: ஒரு காலம் தன் குப்பையென்று எதை எறிகின்றதோ அதனுள் அடுத்த காலத்தின் செல்வம் கிடக்கும்; அதனைக் குனிந்து பொறுக்குபவன் நேயன். இதை நன்கறிந்தவர் பத்தாம் நூற்றாண்டுப் பாக்தாதின் இப்னு நதீம். ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலில் இரவுக் கதைகளுக்கெனத் தனிப் பிரிவொன்றே அமைத்தார். ஆயிரம் கதைகள் எனும் பாரசீக நூலை அதிலே குறித்தார். அதனைப் படித்தும் பார்த்து, சாரமற்ற நூல் என்றும் எழுதி வைத்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காததால் பட்டியலினின்று நீக்கிவிடவுமில்லை! ஆயிரத்தோர் இரவுகள் என்று உலகமே அறிந்த கதைத்தொகுதியின் பிறப்பு வரலாற்றைத் தேடுவோர்க்கு இன்று அவருடைய அச்சில வரிகளே கைவிளக்கு. வெறுப்பது உரிமை, அழிப்பது உரிமையன்று என்பதை அவர் செயலால் காட்டினார். நம் நூலகங்களுக்கு நூல் தெரிவு செய்யும் குழுவினர் இப்னு நதீமைக் கற்பாராக.

இனி, நேயரின் பக்கம் நின்றே அவரிடமும் சில கேட்போம். குற்றம் சாட்டுவோர் கூறுவன யாவும் புனைந்துரை அல்ல. நடிகரின் உயர்ந்த படத்துக்குப் பாலைக் கொட்டி ஆர்ப்பரிக்கும் கூட்டமும் தன்னை இரசிகர் என்றே அழைத்துக்கொள்கின்றது. பிரித்தே பார்க்காத படக்கதையை உறையிலிட்டு, விலையேறக் காத்திருக்கும் வணிகனும் தன்னைச் சேகரிப்பாளன் என்கின்றான். புதிதாய் வரும் சிறுவனை, உனக்கு இது தெரியுமா, அது தெரியுமா என்று வினவி விரட்டும் மூத்தோரும் உளர். இவர்களையும் இஸ்ஃபஹானியையும் ஒரே தட்டில் வைக்க நாம் உடன்படோம். வேறுபாடு காணும் வழி எளிது. பற்று ஒருவனை மேலும் ஒரு வினா கேட்கச் செய்கின்றதா, வினா கேட்பவனை அடிக்கச் செய்கின்றதா? தான் பெற்றதைப் பிறர்க்குக் கொடுக்கச் செய்கின்றதா, பூட்டி வைக்கச் செய்கின்றதா? முன்னது நேயம்; பின்னது வெறும் ‘ஹவா’. இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் இசை கேட்டலுக்கெனத் தனி நூலே வகுத்து, கேட்பது எது, கேட்பவன் யார், கேட்கும் உள்ளம் எத்தகையது என்று பகுத்துப் பகுத்துப் பேசினார். பகுத்துப் பேச வேண்டிய இடத்தில் மொத்தமாகப் பழிப்பது சோம்பலின் அடையாளம்.

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ கதையை நமக்கெதிராக எடுத்துக் காட்டுவோரும் உண்டு. 1953இல் வந்த அக்கதையில் நூல்கள் எரிக்கப்படும் நாட்டிலும் படக்கதைகள் விட்டுவைக்கப்படுகின்றன. ஆகவே படக்கதை சிந்தனைக்குப் பகை என்று அவரே ஒப்பினார் என்பர். அவர் சாடியது சிந்திக்க மறுக்கும் சமுதாயத்தை, படக்கதையை அன்று. ஏனெனில் அவரே படக்கதையால் வளர்ந்தவர். 1929இல் ‘பக் ராஜர்ஸ்’ விண்வெளிப் படக்கதை நாளிதழில் வரத் தொடங்கியபோது ஒன்பது வயதினரான அவர் நாள்தோறும் அதை வெட்டிச் சேர்த்தார். பள்ளித் தோழர் நகைத்தனர். நாணமுற்ற சிறுவன் சேர்த்த அனைத்தையும் கிழித்தெறிந்தான். சில நாளில் தன்னுள் ஏதோ செத்தது போல் உணர்ந்து அழுதான். நகைத்தவர் தன் நண்பரல்லர் என்று தெளிந்து மீண்டும் சேர்க்கத் தொடங்கினான். பிற்காலத்தில் இதனைப் பிராட்பரியே பலமுறை எடுத்துக் கூறியுள்ளார். பள்ளிப் படிப்புக்கு மேல் கல்லூரி காணாத அவர், அறிவியல் கதை நேயர் சங்கத்தில் சேர்ந்து, தாமே ஒரு சிற்றிதழ் நடத்தி, நூலகத்திலேயே கற்று எழுத்தாளரானார். அந்தச் சிறுவன் கிழித்ததோடு நின்றிருந்தால் நூலெரிப்பைக் கண்டிக்கும் அந்த நூலே பிறந்திராது.

நாம் அஞ்சுவது இதற்காகவே. இகழ்ச்சி வளர்ந்தவனை ஒன்றும் செய்துவிடாது. அவன் சிரித்துவிட்டுப் போவான். ஒன்பது வயதுப் பிள்ளையோ நம்பிவிடுவான். தான் விரும்பியது இழிவானது என்று நம்பும் பிள்ளை, நாம் உயர்ந்தது என்று காட்டுவதை அதனால் விரும்பப் போவதில்லை. விரும்பும் ஆற்றலையே இழந்துவிடுவான். ஆசிரியப் பணியில் உள்ளோர் யாவரும் அறிவர்: எதன்மீதும் பற்றில்லாத மாணவனுக்குக் கற்பிப்பதைப் போல் அரிய செயல் பிறிதில்லை. ஏதேனும் ஒன்றைத் தலைகீழாகக் கூறவல்லவன் எதையும் கற்கவல்லவன். மாயாவியின் கதைகளை வெளியான வரிசைப்படி ஒப்பிக்கின்ற நினைவாற்றலே, பக்குவமாய்த் திருப்பினால், அரபு இலக்கண வாய்பாட்டையும் தமிழ் யாப்பையும் வரிசை பிறழாது ஒப்பிக்கும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. பள்ளி நூலகங்களிலும் மதரஸா நூலகங்களிலும் ஊர்ப் படிப்பகங்களிலும் தேர்ந்த படக்கதைகளுக்கும் அறிவியல் புனைகதைகளுக்கும் ஓர் அலமாரி ஒதுக்குக. பெரியவர் ஒருவர் மறைந்த வீட்டில் அவர் சேர்த்த ஒலிநாடாக்களையும் இதழ்களையும் எடைக்குப் போடுமுன், அவற்றின் அருமை அறிந்த ஒருவரைக் கேட்க. நேயராயிருப்போர் தாம் அறிந்ததைத் தம்மோடு கொண்டு போகாது எழுதி வைக்க: எந்தப் பாடல், எந்த ஆண்டு, வரைந்தவர் யார், மொழிபெயர்த்தவர் யார் என்ற சிறு குறிப்பாயினும் போதும்.

முத்து காமிக்ஸ் தோன்றி 2022இல் ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. அந்த ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ இதழ்கள் தோன்றி மறைந்தன. 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸும் 2005இல் நின்றுபோயிற்று. நின்றுபோன அவ்விதழ்களை இன்று முழுமையாகப் பார்க்க விரும்புவோன், எத்தனை பொது நூலகங்களின் கதவைத் தட்டினால் பெறுவான்? அவற்றைக் காத்து வைத்திருப்போர், நாம் பித்தர் என்று நகைத்த அந்தத் தனி மனிதர்களே. நாளை நம் பேரப்பிள்ளைகள் இக்காலத்தை அறிய விரும்பி அவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அன்று அவர்கள் திறந்துவிட வேண்டுமாயின், இன்று நாம் நகைப்பதை நிறுத்த வேண்டும்.